பச்சை விளக்கு எதைச் சொல்கிறது?

(கணினி அறிவியல் மாணவர்களும் மென்பொருள் துறையினரும் கூடியிருந்த அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தலைப்பைப் பார்த்துவிட்டுப் போக்குவரத்து சிக்னலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நினைத்து யாராவது வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பேச வந்தது பில்டு பற்றி. பல பேர் எழுதிய நிரல்களை ஒன்றுசேர்த்து, கம்பைல் செய்து, வாடிக்கையாளர் கையில் கொடுக்கும்படியான ஒரு பொருளாக ஆக்குகிற வேலைக்கு நம் துறையில் பில்டு என்று பெயர். இன்று அதை யாரும் உட்கார்ந்து செய்வதில்லை. ஒருவர் கமிட் செய்தால் போதும். எங்கோ இருக்கிற ஒரு சர்வர் தானாகவே எல்லாவற்றையும் கட்டிமுடித்துப் பச்சையோ சிவப்போ காட்டிவிடும். அந்தப் பச்சையை எவ்வளவு தூரம் நம்பலாம், நம்பும்படி ஆக்க என்னென்ன சோதனைகளை அந்த வரிசையில் நிறுத்த வேண்டும், நிறுத்திய பிறகு அவை ஏன் பயனில்லாமல் போகின்றன, இவைதான் இன்றைய பேச்சு.

ஆப்பிள் நிறுவனம் 2014 பிப்ரவரி 21 அன்று ஐபோன்களுக்கு அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. ஐஓஎஸ் 7.0.6 என்று அதற்கு எண். கோளாறு ஒரே ஒரு வரியில் இருந்தது. பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும்போது எதிரில் இருப்பது அசல் சர்வர்தானா என்று கையொப்பத்தைச் சரிபார்க்கிற ஒரு சி ஃபங்ஷன். அதில் 'கோட்டு ஃபெயில்' என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை வந்திருந்தது. முதல் வரி அதற்கு மேலே இருந்த 'இஃப்' நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எதற்கும் கட்டுப்படாதது. இரண்டும் ஒரே அளவு உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்ததால் பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விளைவு என்னவென்றால், கையொப்பத்தைச் சரிபார்க்கும் கட்டத்துக்குப் போகாமலே நிரல் கடைசி வரிக்குத் தாவிவிடும். அதுவரை பிழை எதுவும் பதிவாகாததால் 'எல்லாம் சரி' என்று பதில் கொடுத்துவிடும். வழியில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்பவன் தன்னை வங்கியின் சர்வர் என்று சொல்லிக்கொண்டாலும் ஐபோன் தலையாட்டும்.

கம்பைலருக்கு அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. இலக்கணப்படி அது சுத்தமான சி. ஆனால் அந்த வரிக்குக் கீழே இருந்த நிரல் ஒருநாளும் ஓடாத நிரல். 'இந்த இடத்துக்கு யாரும் வரவே முடியாது' என்று எச்சரிக்கும் வசதி கிளாங் கம்பைலரில் அப்போதே இருந்தது. வழக்கமாக எல்லாரும் போடுகிற 'வால்' என்ற ஆப்ஷனில் மட்டும் அது சேரவில்லை, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அந்த ஓர் எச்சரிக்கையைப் பில்டில் சேர்த்து, அது வந்தால் பில்டு நிற்கும்படி செய்திருந்தால் அந்தக் கமிட் அன்றைக்கே அகப்பட்டிருக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. போலிக் கையொப்பம் வைத்த ஒரு சர்வரை வேண்டுமென்றே உருவாக்கி, 'இதோடு இணைய மறுக்கிறாயா?' என்று ஒவ்வொரு பில்டிலும் கேட்டுப் பார்ப்பது. மாணவர்களின் புராஜெக்ட்களைப் பார்க்கும்போது எனக்குக் குறையாகப் படுவது இதுதான். சரியான பாஸ்வேர்டு கொடுத்தால் உள்ளே போகிறதா என்று எல்லாரும் சோதிக்கிறார்கள். தவறான பாஸ்வேர்டு கொடுத்தால் வெளியே நிறுத்துகிறதா என்று சோதிப்பவர்கள் குறைவு. வேலை செய்கிறதா என்று பார்ப்பது இயல்பாக வந்துவிடுகிறது. மறுக்க வேண்டியதை மறுக்கிறதா என்று பார்ப்பதற்குக் கொஞ்சம் சந்தேகப் புத்தி வேண்டும். மற்ற இடங்களில் எப்படியோ, நம் வேலையில் சந்தேகப் புத்தி நல்ல குணம்.

சரி, எங்கே தொடங்குவது? ஏற்கெனவே தானாக ஓடும் பில்டு ஒன்று இருக்கிறது, அதில் சோதனை எதுவும் இல்லை என்று வையுங்கள். எடுத்த எடுப்பில் ஆயிரம் டெஸ்ட் எழுத உட்காராதீர்கள். கட்டிமுடித்த பொருளை, இதற்குமுன் அது நிறுவப்படாத ஒரு புதிய கணினியில் நிறுவுங்கள். கிளப்புங்கள். ஒரே ஒரு உருப்படியான வேலையைச் செய்யச் சொல்லுங்கள். நிறுத்துங்கள். நீக்குங்கள். ஸ்மோக் டெஸ்ட் என்பது இவ்வளவுதான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற பழமொழி இதற்குப் பாதிதான் பொருந்தும். எடுத்துப் பார்த்த சோறு வேகவில்லையென்றால் பானையை இறக்கக் கூடாது என்பது உறுதி. வெந்திருந்தால் பானை முழுக்க வெந்துவிட்டது என்று மென்பொருளில் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாதியே பெரிய லாபம். டெபியன் லினக்ஸ்காரர்களிடம் பியூபார்ட்ஸ் என்று ஒரு கருவி இருக்கிறது. அது ஒரு பேக்கேஜ் நன்றாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதே இல்லை. நிறுவ முடிகிறதா, பழைய பதிப்பிலிருந்து புதியதற்குப் போக முடிகிறதா, நீக்கினால் குப்பை எதையும் விட்டுவைக்காமல் போகிறதா என்று மட்டும் பார்க்கும். அதிலேயே எத்தனையோ கோளாறுகள் சிக்குகின்றன.

இதெல்லாம் புதிய ஞானம் ஒன்றுமில்லை. 1990-களின் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டில் விண்டோஸ் என்டி உருவானபோதே தினமும் பில்டு, தினமும் சோதனை என்ற வழக்கம் இருந்தது. ஸ்டீவ் மெக்கானெல் 1996-இல் எழுதிய ஒரு கட்டுரையில் அதற்குக் கணக்குக் கொடுக்கிறார். என்டி 3.0-இல் 56 லட்சம் வரிகள், 40,000 கோப்புகள். பல கணினிகளில் பிரித்து ஓட்டினாலும் ஒரு முழு பில்டுக்கு 19 மணி நேரம் வரை பிடிக்கும். அப்படியிருந்தும் தினம் ஒரு பில்டு எடுத்தார்கள். இன்று ஐந்து நிமிட பில்டு வைத்துக்கொண்டு 'டெஸ்ட் போட நேரமில்லை' என்கிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லலாம். பில்டை உடைத்தவருக்கு அந்தக் காலத்தில் தண்டனையும் உண்டு. பொது நிதிக்கு ஐந்து டாலர் கட்ட வேண்டும், அல்லது இன்னொருவர் உடைக்கும்வரை பில்டுக்குக் காவல் உட்கார வேண்டும். விளையாட்டாகச் செய்தார்கள். ஆனாலும் இந்தத் தண்டனைகள் எனக்குப் பிடிக்கவில்லை. உடைத்தவரைக் கேலி செய்தால் அடுத்த முறை அவர் கமிட் செய்யத் தயங்குவார். பத்து நாள் வேலையை மொத்தமாகச் சேர்த்துவைத்துப் போடுவார். அந்தப் பத்து நாள் கமிட்தான் உண்மையில் பயங்கரம்.

அதைவிட, தன் அவஸ்தைக்கு ஒரு கருவி செய்த கோசுகே கவாகுச்சியின் வழி மேல். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை பார்த்தபோது அவருடைய கமிட்கள் பில்டை உடைத்துச் சகாக்களின் எரிச்சலைக் கிளப்பின. தன் நிரல் மற்றவர் கண்ணில் படுமுன் தானே சோதித்துச் சொல்லட்டும் என்று 2004 வாக்கில் ஹட்சன் என்ற நிரலை எழுத ஆரம்பித்தார். 2011-இல் ஜென்கின்ஸ் என்று பெயர் மாறிய அதே கருவிதான் இன்றும் சென்னையிலும் கோவையிலும் எத்தனையோ நிறுவனங்களின் பில்டை ஓட்டிக்கொண்டிருக்கிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த உதாரணத்துக்கு வருகிறேன். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உங்களில் பலர் பயன்படுத்தியிருப்பீர்கள். அதற்கு முதலாளி என்று ஒரு கம்பெனி கிடையாது. பல நாடுகளில் இருப்பவர்கள் மின்னஞ்சலில் விவாதித்து, பேட்ச் அனுப்பி வளர்த்துவருகிறார்கள். 2004-இல் ஆண்ட்ரூ டன்ஸ்டன் என்பவர் அதற்கென்று ஒரு பில்டு ஃபார்ம் தொடங்கினார். உங்களிடம் ஒதுக்கக்கூடிய கணினி இருந்தால் அதில் ஒரு பெர்ல் ஸ்கிரிப்டை ஓடவிட வேண்டியதுதான். அது அவ்வப்போது புதிய நிரலை இறக்கிக் கட்டும். கட்டியதைச் சோதிக்கும். ஓரிடத்தில் நிறுவி, வெறும் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, சர்வரைக் கிளப்பி, ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்மேல் சோதனைகளை மறுபடி ஓட்டும். பிறகு சர்வரை நிறுத்திவிட்டு முடிவை மைய சர்வருக்கு அனுப்பும். அங்கே ஒரு பலகையில் எல்லாக் கணினிகளின் நிலவரமும் பச்சை சிவப்பாகத் தெரியும். எந்தக் கட்டத்தில் விழுந்தது என்பதும் அதிலேயே இருக்கும்.

பங்கேற்கிற ஒவ்வொரு கணினிக்கும் ஒரு விலங்கின் பெயர் சூட்டுவார்கள். டாம் லேன் என்ற மூத்த பங்களிப்பாளர் எச்பி-யூஎக்ஸ் 10.20 ஓடுகிற ஒரு பழங்காலத்து எச்பி கணினியைப் பல ஆண்டுகள் இதில் வைத்திருந்தார். அதற்குப் பெயர் கவுர். நம் நீலகிரிப் பக்கம் திரியும் காட்டெருமையேதான். யாருமே விலைக்கு வாங்காத கணினியில் எதற்காகச் சோதிக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். அந்தச் செயலியில் எண்களின் பைட்டுகள் இன்டெல் செயலிக்கு நேரெதிரான வரிசையில் இருக்கும். நான்கு பைட் எண்ணை அதற்குரிய முகவரியில் வைக்காவிட்டால் இன்டெல் செயலி பொறுத்துக்கொண்டு படித்துவிடும், அது படிக்க மறுத்துவிடும். எழுதியவர் கணினியில் ஒளிந்துகொண்டிருந்த கவனக்குறைவு அங்கே அம்பலமாகிவிடும். மெதுவான கணினிக்கு இன்னொரு சிறப்பு, இரண்டு வேலைகளில் எது முந்தும் என்பதை நம்பி எழுதப்பட்ட நிரலைக் காட்டிக்கொடுப்பது. வேகமான கணினியில் எப்போதும் சரியான வரிசையில் முடிந்துகொண்டிருந்த வேலை, அங்கே முன்பின்னாகிவிடும்.

இன்னொரு கணினிக்கு ஸ்கிங்க் என்று பெயர், அதாவது அரணை. அதில் வால்கிரைண்டு என்ற கருவியின் கண்காணிப்பில் போஸ்ட்கிரெஸ் ஓடும். நிரல் தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொட்டால், மதிப்பு வைக்காத இடத்தைப் படித்தால், வால்கிரைண்டு கண்டுபிடித்துவிடும். அரணைக்கு மறதி என்பார்கள் நம் ஊரில். இந்த அரணைக்கு நினைவகத்தைக் காவல் காப்பதே தொழில். வால்கிரைண்டோடு ஓடினால் எல்லாம் பல மடங்கு மெதுவாகிவிடும் என்பதால் ஒவ்வொருவரும் தன் மேசையில் அதைச் செய்துகொண்டிருக்க முடியாது. அதனால் மெதுவான சோதனையைத் தனிக் கணினிக்கு விட்டுவிட்டு, வேகமான சோதனைகளை எல்லாரும் ஓட்டுகிறார்கள். எல்லாச் சோதனையும் எல்லாக் கமிட்டுக்கும் வேண்டும் என்று அடம்பிடித்து, பில்டு ஒன்றரை மணி நேரம் ஓடி, கடைசியில் சலித்துப்போய்ச் சோதனைகளையே எடுத்துவிட்ட குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிடத்துக்குள் முடிவதை ஒவ்வொரு கமிட்டுக்கும் வையுங்கள், மற்றதை இரவுக்கு விடுங்கள்.

இப்படிப் போரடிக்கிற வேலையைத் தொடர்ந்து செய்வதால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2024 மார்ச் 29-ஐச் சொல்ல வேண்டும். ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் பங்களிப்பாளர் அன்று ஒரு மின்னஞ்சல் எழுதினார். ஏறத்தாழ எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கிற எக்ஸ்இசட் என்ற சுருக்கும் நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுக் கள்ளவழி வைத்திருக்கிறார்கள் என்பது செய்தி. அவர் அதைத் தேடிப் போகவில்லை. வேறு ஏதோ வேக அளவீட்டில் இருந்தவருக்கு எஸ்எஸ்எச் நுழைவு அரை விநாடி கூடுதலாக எடுப்பது கண்ணில் பட்டது. சில வாரங்களுக்கு முன் பேக்கேஜ்கள் புதுப்பிக்கப்பட்டதும், தன்னுடைய தானியங்கிச் சோதனையில் வால்கிரைண்டு விநோதமாக முறையிட்டது நினைவுக்கு வந்தது. இரண்டையும் முடிச்சுப்போட்டார். தினசரிச் சோதனை தன் வேலையைச் செய்துவிட்டு, ஒரு வரியைப் பதிவில் விட்டுவைத்திருந்தது. அதை அலட்சியமாகத் தள்ளாமல் நினைவில் வைத்திருந்த ஒரு மனிதரும் இருந்தார்.

அந்தக் கள்ளவழி ஒளிந்திருந்த இடம் நம் தலைப்புக்கு இன்னும் நெருக்கமானது. தீய நிரல் சோதனைக்காக வைத்திருந்த மாதிரிக் கோப்புகளுக்குள் இருந்தது. கெட்டுப்போன சுருக்கக் கோப்பு ஒன்று டெஸ்ட் ஃபோல்டரில் இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? அதைத் தட்டியெழுப்பும் ஸ்கிரிப்ட் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்காகக் கட்டிவைத்த கோப்பில் மட்டும் இருந்தது. டெபியன் அல்லது ஆர்பிஎம் பேக்கேஜாகக் கட்டும்போது மட்டுமே அது வேலையைத் தொடங்கும். அதாவது நீங்கள் களஞ்சியத்திலிருந்து எடுத்துக் கட்டிச் சோதித்தால் எல்லாம் பச்சை. ஆகவே எதை வாடிக்கையாளருக்கு அனுப்புகிறீர்களோ, அதே கோப்பைச் சோதியுங்கள். அதன் தம்பியையோ தங்கையையோ சோதிப்பது போதாது. இன்னொன்றும் உண்டு. அந்தக் கள்ளவழியை வைத்த ஆள் 2023-இல், எக்ஸ்இசட்டைத் தொடர்ந்து தாக்கிச் சோதிக்கும் ஓஎஸ்எஸ்-ஃபஸ் சேவையில், தனக்கு இடைஞ்சலாக வரக்கூடிய ஒரு வசதியை நிறுத்திவைக்கும்படி மாற்றம் அனுப்பியிருந்தார். அது ஏற்கவும்பட்டது. ஒரு சோதனையைத் தளர்த்தச் சொல்லும் மாற்றத்தை, புதிய வசதி சேர்க்கும் மாற்றத்தைவிட இரண்டு மடங்கு கவனமாகப் படிக்க வேண்டும்.

சோதனை இருந்தும், அது ஓடியும், பச்சை காட்டியும் உலகம் நின்றுபோன கதை அதே ஆண்டு ஜூலை 19-இல் நடந்தது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக்கொடுத்த நாள் என்றால் உங்களுக்கு நினைவு வரும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு கோப்பு, மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் கொண்டுபோய் நிறுத்தியது. அனுப்பிய 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்த கணினிகளை ஒவ்வொன்றாகப் போய்த்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

நடந்தது இதுதான். இத்தகைய கோப்புகளில் போகும் ஒரு வகை விதிக்கு 21 உள்ளீடுகள் என்று ஒரு பக்கம் வரையறுத்திருந்தார்கள். கணினியில் ஓடும் நிரலோ 20 மதிப்புகளைத்தான் கொடுத்தது. முந்தைய விதிகளில் 21-ஆவது இடத்தில் 'எதுவாக இருந்தாலும் சரி' என்று போட்டிருந்ததால் அதை யாரும் எடுத்துப் பார்க்கத் தேவை வரவில்லை. அன்று அனுப்பிய விதி முதல்முறையாக அந்த 21-ஆவது மதிப்பைக் கேட்டது. இல்லாத இடத்தைப் படிக்கப் போய் இயங்குதளமே விழுந்தது. கோப்பைச் சரிபார்க்க ஒரு நிரல் இருந்தது. அதுவும் 21 வரும் என்றே நம்பிக்கொண்டிருந்ததால் நல்ல கோப்பு என்று சான்று கொடுத்துவிட்டது. அந்தக் கோப்பை ஒரு நிஜ விண்டோஸ் கணினியில் ஏற்றிப் பார்க்கும் சோதனை கடைசி வாசலில் இருந்திருந்தால் முதல் கணினியிலேயே தெரிந்திருக்கும். நான் முன்னே சொன்ன அந்த ஒரு சோறு. பிற்பாடு அவர்கள் சேர்த்தவற்றில் ஒன்று, உள்ளீடுகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று கம்பைல் செய்யும்போதே எண்ணிப் பார்ப்பது. ஜூலை 27-இல் அது நடைமுறைக்கு வந்தது. எட்டு நாளில் சேர்க்க முடிந்த சோதனை. அதோடு, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் படிப்படியாக அனுப்பும் முறையையும் கொண்டுவந்தார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பொய்யான பச்சை. பொய்யான சிவப்பும் அதே அளவுக்குக் கெடுதல், சொல்லப்போனால் அதுதான் அன்றாடத் தொல்லை. நிரலில் எதுவும் மாறாமலே ஒரு முறை தேறி, ஒரு முறை தவறுகிற சோதனைகளைத் துறையில் ஃபிளேக்கி டெஸ்ட் என்பார்கள். கூகுள் 2016-இல் வெளியிட்ட கணக்குப்படி, அவர்களுடைய சோதனைகளில் கிட்டத்தட்ட 16 சதவீதத்துக்கு ஏதோ ஓர் அளவில் இந்தக் குணம் இருந்தது. பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியவற்றில் 84 சதவீதம் ஃபிளேக்கி சோதனை சம்பந்தப்பட்டவை. அவ்வளவு வசதியுள்ள இடத்திலேயே இந்த நிலை. சிவப்பு வந்தால் 'இன்னொரு முறை ஓட்டிப் பார்' என்று சொல்லும் பழக்கம் இங்கேதான் பிறக்கிறது. அந்தப் பழக்கம் வந்துவிட்டால் நிஜமான சிவப்பும் மூன்றாவது ஓட்டத்தில் தப்பித்துப் போய்விடும். இப்படிப்பட்ட சோதனையைக் கண்டால் அன்றே தனியே ஒதுக்குங்கள். ஒருவர் பெயரில் பொறுப்பு எழுதி, திருத்த ஒரு தேதி வையுங்கள். அந்தத் தேதிக்குள் திருத்தாவிட்டால் அழித்துவிடுங்கள். சோதனையை அழிக்கச் சொல்கிறேனே என்று ஆச்சரியப்பட வேண்டாம். யாரும் நம்பாத சோதனை, நம்பத்தகுந்த சோதனைகளின் மானத்தையும் சேர்த்து வாங்கிவிடும்.

சிவப்பு யார் கண்ணில் படுகிறது என்பதும் முக்கியம். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இரவு பில்டு விழுந்தால் குழு முழுவதற்கும் மின்னஞ்சல் போகும். குழு முழுவதும் அதை ஒரு ஃபோல்டருக்குத் தானாகப் போகும்படி ஒழுங்கு செய்து வைத்திருந்தது. இது சிரிக்கும்படியான விஷயம், நைட் கேப்பிட்டல் என்ற நிறுவனத்துக்கு நடந்ததைக் கேட்கும்வரை. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையில் அந்த நிறுவனம் புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் ஏற்றியிருந்தது. எட்டாவதில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாத பழைய நிரல் உயிர்பெற்று ஆர்டர்களைக் கொட்ட ஆரம்பித்தது. 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். சந்தை திறக்கும் முன்பே அவர்களுடைய கணினி அந்தப் பழைய நிரலின் பெயரையே சொல்லி 97 மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தது என்று பங்குச் சந்தை ஆணையத்தின் உத்தரவு பதிவு செய்கிறது. அவை எச்சரிக்கைகளாக வடிவமைக்கப்பட்டவை அல்ல, யாரும் வழக்கமாகப் படிப்பதுமில்லை. மோசில்லாவில் இதற்கென்றே ஷெரிஃப் என்று ஆட்கள் உண்டு. சிவப்பு வந்தால் யார் கமிட் என்று பார்த்து அதைத் திரும்ப எடுப்பார்கள், தேவைப்பட்டால் புதிய கமிட்களுக்குக் கதவை அடைப்பார்கள். சிறு குழுவுக்குத் தனி ஷெரிஃப் வேண்டாம். கடைசிப் பச்சைக்குப் பிறகு கமிட் செய்தவருக்கு மட்டும் செய்தி போனால் போதும். அவர் படிப்பார்.

'நான் எதையும் மாற்றவில்லையே, எதற்கு இரவு இரவாக ஓட்ட வேண்டும்?' என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். உங்களைச் சுற்றியுள்ளவை மாறும். 2016 மார்ச் 22 அன்று லெஃப்ட்-பேட் என்ற 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் பொதி, என்பிஎம் என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டது. அதை நேரடியாகக் கேள்விப்பட்டிராத ஆயிரக்கணக்கானோரின் பில்டு அன்று விழுந்தது. சோதனைக்காக வைத்த சான்றிதழ் ஒருநாள் காலாவதியாகும். மாறாத நிரலும் இப்படித்தான் உடைகிறது. பிழையைத் தாமதமாகத் திருத்தினால் நூறு மடங்கு செலவு என்று ஒரு கணக்கைப் பல மேடைகளில் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் பலவீனம் என்பதால் நான் சொல்லவில்லை. நேற்று உடைந்ததைத் தேடுவதும் போன தீபாவளிக்கு உடைந்ததைத் தேடுவதும் ஒன்றல்ல என்பது வேலை பார்த்த எவருக்கும் தெரியும்.

கடைசியாக, தமிழுக்கு மென்பொருள் செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை. 2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து செய்தியாக வந்தால் ஐபோன் ஆப்கள் விழுந்தன. ஐஓஎஸ் 11.2.6-இல்தான் அது சரியானது. நம் எழுத்துகளைத் தினசரிச் சோதனையில் வைக்காதவர்கள் கையில் நம் எழுத்து இப்படித்தான் படும். மறுபக்கம், ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரெஆஃபிஸ் எல்லாவற்றிலும் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் நிரலை எழுதிய பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் தமிழ் படித்தவர் அல்லர். 2012 வாக்கில் அவர் விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்ச் சொற்களை ஓட்டி, மைக்ரோசாஃப்டின் யூனிஸ்கிரைப் கோப்பதோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். எத்தனை ஒத்துப்போயின, எத்தனை பிசகின என்று மொழிவாரியாகக் கமிட் குறிப்பிலேயே எழுதிவைத்தார். இன்று உங்கள் கைபேசியில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதில் அந்த உழைப்புக்குப் பங்கு உண்டு.

நீங்கள் எழுத்துருவோ, விசைப்பலகையோ, தேடலோ, பிழைதிருத்தியோ எதைச் செய்தாலும் அவ்வளவு பெரிதாகத் தொடங்க வேண்டாம். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோடின் விதி. 'ஸ்ரீ' என்ற எழுத்தை இரண்டு வெவ்வேறு மெய்களிலிருந்து எழுதும் வழக்கம் இருக்கிறது, கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஒரு விதமாகத் தட்டச்சு செய்த பெயரை மற்ற விதமாகத் தேடினால் உங்கள் நிரல் கண்டுபிடிக்கிறதா? இந்த இரண்டையும் இன்று இரவே உங்கள் பில்டில் சோதனையாகச் சேருங்கள். பத்து வரிக்கு மேல் போகாது. நாளைக் காலை சிவப்பு வந்திருந்தால் மற்ற வேலைகளை ஒத்திவைத்துவிட்டு அதை முதலில் பாருங்கள்.